ஒற்றை எஞ்சினில் வட அட்லாண்டிக்: எட்டு நாள் குறிப்புகள்

முதல் நாள், கூஸ் பே

கனடாவின் கிழக்கு ஓரத்தில், லாப்ரடார் காடுகளுக்கு நடுவே இருக்கும் கூஸ் பே விமான தளத்தில் இன்று மதியம் இறங்கினோம். இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், ஐரோப்பாவுக்குப் போர் விமானங்களைப் பறக்கவிட்டு அனுப்புவதற்காக அவசரமாகக் கட்டப்பட்ட தளம் இது. பெரிய குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போடப்பட்ட ஓடுபாதையின் தொடக்கத்திலேயே எங்கள் செஸ்னா 182 தரையைத் தொட்டுவிட்டது. மீதிப் பாதை முழுவதையும் உருண்டே கடக்க வேண்டியிருந்தது. நான்கு இருக்கைகளும் 230 குதிரைத்திறன் கொண்ட ஒரே எஞ்சினும் உள்ள இந்த விமானத்தை ஸ்காட்லாந்தின் வடகிழக்கு முனையில் உள்ள விக் விமான நிலையத்துக்குக் கொண்டுசேர்ப்பது எங்கள் வேலை. பொறுப்பு கேப்டனுடையது. அவர் இந்தக் கடலைப் பலமுறை கடந்தவர். துணை விமானியாகப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் எனக்கு இதுவே முதல் கடல்.

சிறிய விமானங்கள் வட அட்லாண்டிக்கை ஒரே மூச்சில் கடப்பதில்லை. ஆற்றில் கல் விட்டுக் கல் தாவுவதுபோல, கூஸ் பேயிலிருந்து கிரீன்லாந்தின் நார்சர்சுவாக், அங்கிருந்து ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக், அங்கிருந்து விக் என்று மூன்று தாவல்களில் கடக்கின்றன. முதல் தாவல் ஏறத்தாழ 675 கடல் மைல், இரண்டாவது 670, மூன்றாவது 650. எங்கள் விமானத்தின் வேகம் மணிக்கு 140 கடல் மைல், அதாவது 140 நாட். காற்று அசையாத நாளில் ஒவ்வொரு தாவலுக்கும் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும்.

மாலை முழுவதும் எடைக் கணக்கில் கழிந்தது. இறக்கைகளில் உள்ள டாங்குகள் 329 லிட்டர் கொள்ளும். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 230 லிட்டர் அலுமினிய டாங்கு ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம்; ஃபெரி டாங்கு என்று இதைச் சொல்வார்கள். விமான பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 0.72 கிலோ என்பதால், அந்த ஒரு டாங்கே நிரம்பிய நிலையில் 165 கிலோவுக்கு மேல் கனக்கிறது. எங்கள் இருவரையும், தெப்பத்தையும், மற்ற பொருட்களையும் சேர்த்தால், இந்த வகை விமானம் மேலெழும்ப அனுமதிக்கப்பட்ட 1,406 கிலோவை எண்பது கிலோ அளவுக்குத் தாண்டிவிடுகிறோம். இதற்கென்று தனியாகச் சிறப்பு அனுமதி வாங்கியிருக்கிறோம். ஆனால் காகிதத்தில் அனுமதி இருப்பதால் விமானத்தின் கனம் குறைந்துவிடாது. மேலேறும் வேகம் குறையும், இறக்கைகள் தூக்கும் விசையை இழந்து விமானம் ஸ்டால் ஆகும் வேகம் கூடும், திருப்பங்களில் விமானம் சோம்பலாக நடந்துகொள்ளும். கேப்டன் இதையெல்லாம் என்னையே எழுதிக் கணக்கிடச் சொல்லி, பிறகு தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

இரண்டாம் நாள், கூஸ் பே

புறப்படவில்லை. கூஸ் பேயில் வானம் நீலமாக இருந்தது, ஆனால் நார்சர்சுவாக்கில் கடல்மூட்டம் ஃபியார்டுக்குள், அதாவது மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல்நீர்ப் பள்ளத்தாக்குக்குள், புகுந்து நின்றது. அது கலைய நாளைக் காலை ஆகும் என்று முன்னறிவிப்பு சொல்கிறது. அனுபவம் இல்லாத என் மனத்துக்கு, இங்கே தெளிவாக இருக்கும் நாளை வீணாக்குவது உறுத்தலாக இருந்தது. கேப்டன் கணக்குப் புத்தகத்தை விரித்து என் முன்னால் வைத்தார். அந்தக் கணக்கை இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன், ஏனென்றால் கடல் கடப்பதன் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது.

முதலில் சம நேரப் புள்ளி. பாதையில் எந்த இடத்தில் நின்றால், முன்னே போகவும் பின்னே திரும்பவும் ஒரே அளவு நேரம் ஆகுமோ, அது அந்தப் புள்ளி. காற்றில்லாவிட்டால் அது நடுவழியில் இருக்கும். பின்காற்று 20 நாட் என்றால், போகும்போது தரைவேகம் 160, திரும்பும்போது 120. மொத்த தூரத்தைத் திரும்பும் வேகத்தால் பெருக்கி, இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்: 675 பெருக்கல் 120, வகுத்தல் 280. விடை ஏறத்தாழ 289 கடல் மைல். அதாவது நடுவழி வருவதற்கு வெகு முன்னாலேயே, திரும்புவதைவிட முன்னே போவது விரைவாகிவிடுகிறது. பின்காற்று பலமாக வீசும் நாளில் கடலின் நடு நம் பக்கமாக நகர்ந்துவந்துவிடுகிறது.

அடுத்தது திரும்ப முடியாத புள்ளி. இது நேரத்தைப் பற்றியதன்று, எரிபொருளைப் பற்றியது. எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ 49 லிட்டர் குடிக்கிறது. இறக்கை டாங்குகள் மட்டும் இருந்தால், ஒரு மணி நேர இருப்பை ஒதுக்கிவைத்த பிறகு, ஐந்தே முக்கால் மணி நேரம் பறக்கலாம். அந்தக் கணக்கில் 390 கடல் மைலைத் தாண்டியபின் கூஸ் பேக்குத் திரும்ப முடியாது. அப்போது நார்சர்சுவாக்கில் மூட்டம் இறங்கினால், அந்த மூட்டத்துக்குள்தான் இறங்க வேண்டியிருக்கும், அல்லது மலைகளும் அதே கடல்மூட்டமும் சூழ்ந்த வேறொரு கிரீன்லாந்து தளத்தைத் தேடி ஓட வேண்டியிருக்கும். ஃபெரி டாங்கையும் சேர்த்துக்கொண்டால் இருப்பு போகப் பத்து மணி நேரம் கையில் நிற்கிறது. திரும்ப முடியாத புள்ளி 685 கடல் மைலுக்குத் தள்ளிப்போய்விடுகிறது. நார்சர்சுவாக்கின் தலைக்கு மேலே போய் நின்று, கீழே ஓடுபாதை தெரியவில்லை என்று பார்த்துவிட்டுக்கூட, எதிர்காற்றில் கூஸ் பேக்குத் திரும்பிவிடலாம்.

ஃபெரி டாங்கு தூரத்தைக் கடப்பதற்கு என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். முதல் தாவலைக் கடக்க இறக்கை டாங்குகளே போதும். பின்னால் இருக்கும் அந்த 165 கிலோ முழுவதும் திரும்பி வருவதற்கான எரிபொருள்.

மூன்றாம் நாள், மீண்டும் கூஸ் பே

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம், எட்டு மணிக்கு அதே ஓடுபாதையில் இறங்கினோம்.

நடந்ததைச் சொல்கிறேன். கடற்கரையைத் தாண்டி, 9,000 அடி உயரத்தில் நிலைப்படுத்தி, முதல் மணி நேரம் இறக்கை டாங்குகளிலிருந்து எரித்தோம். இறக்கை டாங்கில் சற்று இடம் காலியான பிறகு, பம்பைப் போட்டு ஃபெரி டாங்கிலிருந்து அதற்குள் எரிபொருளை மாற்றத் தொடங்க வேண்டும் என்பது திட்டம். பம்பைப் போட்டேன். முதல் ஐந்து நிமிடம் அளவுமானியின் முள் மெல்ல ஏறியது, பிறகு நின்றுவிட்டது. அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து தகரத்தை முழங்கையால் இடித்ததுபோல் ஓர் ஓசை கேட்டது. கேப்டன் டாங்கைத் திரும்பிப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், விமானத்தை மேற்கு நோக்கித் திருப்பினார். திருப்பம் முடிந்து இறக்கைகள் சமமான பிறகுதான் பேசினார்.

டாங்கிலிருந்து பெட்ரோல் வெளியேறும் அளவுக்கு அதற்குள் காற்று நுழைய வேண்டும். அதற்காக ஒரு குழாய் விமானத்துக்கு வெளியே நீண்டிருக்கும். தரையிறங்கிப் பார்த்தபோது, சாமான்களை இறுக்கிக் கட்டிய பட்டையின் கீழே அந்தக் குழாய் மடிந்து நசுங்கிக் கிடந்தது. காற்று போக வழியில்லாததால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, அலுமினியச் சுவர் உள்வாங்கியிருக்கிறது. நாங்கள் கேட்டது அந்த ஓசை. அந்தப் பட்டையைக் கட்டியவன் நான்.

காற்றுக் குழாய் அடைபடுவது பழைய எதிரி. 1936 செப்டம்பரில் பெரில் மார்க்கம் இங்கிலாந்திலிருந்து மேற்கு நோக்கித் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தபோது, டாங்கின் காற்று வழிகளில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டதால் எஞ்சினுக்கு எரிபொருள் போவது நின்றுபோயிற்று. கனடாவின் கேப் பிரெட்டன் கரையில் ஒரு சதுப்பு நிலத்தில் மூக்குக் குத்தி இறங்கி உயிர் தப்பினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2015 ஜனவரியில், கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குப் பறந்த ஒரு சிர்ரஸ் விமானத்தில் கூடுதல் டாங்கின் எரிபொருளை மாற்ற முடியாமல் போயிற்று. விமானம் முழுவதற்குமான பாராசூட்டை விரித்து விமானி கடலில் இறங்கினார். அருகில் வந்துகொண்டிருந்த ஒரு பயணிக் கப்பல் அவரைத் தூக்கியெடுத்தது. பெட்ரோல் விமானத்தில் இருந்தது, எஞ்சினுக்கு எட்டவில்லை.

ஆகவே, ஃபெரி டாங்கைத் திறக்கும் நேரம் பற்றி கேப்டன் ஒரு விதி வைத்திருக்கிறார். இறக்கை டாங்குகள் காலியாகும் வரை காத்திருந்து கடைசியில் திறக்கக் கூடாது; முதலில் இடம் கிடைத்த உடனேயே திறந்து, வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கூஸ் பே 125 கடல் மைல் பின்னால் இருந்தபோது எங்கள் குழாய் அடைபட்டது தெரிந்தது. அதே அடைப்பு 400 கடல் மைலில் தெரிந்திருந்தால் இந்தக் குறிப்பின் தொனியே வேறாக இருந்திருக்கும். இதை எழுதும்போதும் எனக்குக் கை சற்று நடுங்குகிறது.

நான்காம் நாள், கூஸ் பே

குழாயை மாற்றினோம். நசுங்க முடியாதபடி அதை உலோக உறைக்குள் செலுத்தினோம். உள்வாங்கிய டாங்கில் கசிவு இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துப் பார்த்தோம், இல்லை. பிறகு தரையிலேயே எஞ்சினை ஓடவிட்டு ஒரு மணி நேரம் எரிபொருளை மாற்றிக் காட்டச் சொன்னார் கேப்டன்.

மீதி நேரத்தில் குளிர்நீர்க் காப்புடையைப் போட்டுப் பழகினேன். கணுக்காலிலிருந்து கழுத்துவரை மூடும் தடித்த ஆரஞ்சு நிற ரப்பர் உடை. கைகளும் கழுத்தும் நீர் புகாதபடி இறுகியிருக்கும். கனடாவிலிருந்து ஒற்றை எஞ்சின் விமானத்தில் பெருங்கடல் கடக்கப் புறப்படுவோருக்கு இது கட்டாயம். கருவிகளைக் கொண்டு பறக்கும் தகுதியும், தொலைதூர எச்.எஃப். ரேடியோவும் வேண்டும். லாப்ரடார் கடலின் நீர் ஜூன் மாதத்திலும் உறைநிலைக்குச் சில பாகை மேலேதான் இருக்கிறது. அத்தகைய நீரில் விழுபவர் பற்றி மீட்புக் குழுக்கள் கற்பிக்கும் கணக்கு எளியது: மூச்சை அடக்க முடியாமல் திணறும் முதல் ஒரு நிமிடம், கை விரல்கள் சொன்னபடி கேட்கும் பத்து நிமிடம், நினைவு தப்பும் வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம். தெப்பத்தில் ஏறுவதற்கு அந்தப் பத்து நிமிடமே கிடைக்கும். எனவே தெப்பம் சாமான்களுக்கு அடியில் கிடக்கக் கூடாது, கதவுக்கும் என் மடிக்கும் நடுவே இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கதவுப் பிடியைத் தேடி, தெப்பத்தை வெளியே தள்ளி, அதன் கயிற்றை விடாமல் இறங்கும் பயிற்சியைப் பதினைந்து முறையாவது செய்திருப்பேன்.

ஐந்தாம் நாள், கூஸ் பேயிலிருந்து நார்சர்சுவாக்

கடந்தோம்.

நிமிடத்துக்கு நானூறு அடிகூட ஏறாத கனத்த விமானத்தில், சூரியன் எதிரே அடிக்க, லாப்ரடாரின் வெளித்தீவுகள் இறக்கையின் கீழே நழுவிப் போயின. மேகத்தின் முகடு 7,000 அடியில் நின்றது. நாங்கள் 9,000 அடியில், மேலே நீலமும் கீழே வெள்ளையுமாகப் போனோம். ஒரு மணி ஐந்து நிமிடத்தில் பம்பைப் போட்டேன். முள் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. அந்த முள்ளை அவ்வளவு பாசத்தோடு நான் பார்த்ததில்லை.

கரையை விட்டு விலகியதும் காதுகள் மாறிவிடுகின்றன. தரைக்கு மேலே பறக்கும்போது ஒருநாளும் கேட்காத சிறு அதிர்வுகளும் உறுமலின் நடுவே ஓர் இடறலும் கேட்கத் தொடங்குகின்றன. மானிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. இது எல்லாருக்கும் வரும் என்றும், பதில் காதில் இல்லை, எண்ணெய் அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் இருக்கிறது என்றும் சொல்லி, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா மானிகளையும் எழுதி வைக்கும்படி கேப்டன் தாளைக் கொடுத்தார். எழுதத் தொடங்கியபின் இடறல் ஓசை குறைந்தது. ஜி.பி.எஸ். இருந்தும், காம்பஸ் திசையையும் வேகத்தையும் நேரத்தையும் வைத்து இருப்பிடத்தைக் கையால் குறிக்கும் பழைய முறையையும் கூடவே செய்தோம். இந்தப் பகுதியில் காம்பஸ் காட்டும் வடக்கு உண்மையான வடக்கிலிருந்து இருபது பாகைக்கும் மேல் மேற்கே சாய்ந்திருக்கிறது. அந்தத் திருத்தத்தை மறந்தால் கிரீன்லாந்தையே தவறவிடலாம்.

வி.எச்.எஃப். ரேடியோ நேர்க்கோட்டில் மட்டுமே எட்டும். 9,000 அடியிலிருந்து கடல்மட்டத்து ஆண்டெனாவுக்கு அது ஏறத்தாழ 120 கடல் மைல். அதற்கப்பால், கனடாவின் கேண்டர் விமானக் கட்டுப்பாட்டு நிலையத்தின் குரல் தேய்ந்து, இரைச்சலாகி, இல்லாமலானது. எச்.எஃப்.இல் அழைத்தபோது விண்வெளியிலிருந்து வருவதுபோன்ற சலசலப்புக்கு நடுவே பாதி வார்த்தைகள் கேட்டன. கேப்டன் 123.45 அலைவரிசைக்கு மாறி, எங்களுக்கு மேலே 35,000 அடியில் போய்க்கொண்டிருந்த ஒரு பயணி விமானத்தை அழைத்தார். எங்கள் இருப்பிடத்தையும் அடுத்த புள்ளியை அடையும் நேரத்தையும் எரிபொருள் இருப்பையும் அவர்கள் வாங்கி, கேண்டருக்குச் சொல்லி, பதிலையும் திருப்பிச் சொன்னார்கள். நானூறு பேர் அமர்ந்திருக்கும் அந்த விமானத்தில், கீழே இரண்டு பேர் இருப்பது இருவருக்கோ மூவருக்கோ மட்டுமே தெரிந்திருக்கும்.

இந்த உதவி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 1978 டிசம்பரில் பசிபிக்கில் நடந்தது சான்று. அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவிலிருந்து நார்ஃபோக் தீவுக்கு ஒரு சிறிய செஸ்னாவைத் தனியாகக் கொண்டுபோன விமானி, வழிகாட்டும் ரேடியோக் கருவி பழுதானதால் தீவைக் காணாமல் தவித்தார். ஃபிஜியிலிருந்து ஆக்லாந்துக்குப் பயணிகளோடு போய்க்கொண்டிருந்த ஏர் நியூசிலாந்தின் டி.சி.10 விமானத்தின் கேப்டன் கார்டன் வெட் தேடலில் இறங்கினார். இரண்டு விமானங்களும் சூரியனை நோக்கித் திரும்பி, காம்பஸ் காட்டும் திசையை ஒப்பிட்டன. அடிவானத்துக்கு மேல் சூரியன் எத்தனை விரல் உயரத்தில் இருக்கிறது என்று கையை நீட்டி அளந்தார்கள். ரேடியோ எந்த இடத்தில் கேட்கத் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டார்கள். இவற்றைக் கொண்டு செஸ்னா இருக்கும் பகுதியை நெருக்கினார்கள். இருபது மணி நேரத்துக்கும் மேல் பறந்தபின் அது நார்ஃபோக் தீவில் இறங்கியது. கேப்டன் இதைச் சொல்லி முடித்தபோது, என் கையை நீட்டி நானும் சூரியனை அளந்து பார்த்தேன்.

மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு, மேகத்தின் விளிம்பில் வெள்ளைப் பற்களாக மலைகள் எழுந்தன. அவற்றை மேகம் என்றே முதலில் நினைத்தேன்; அவை நகரவில்லை. கீழே மேகம் விலகியதும் கடலில் பனிக்கட்டிகள் சிதறிக் கிடந்தன. கிழக்குக் கரையிலிருந்து ஃபேர்வெல் முனையைச் சுற்றி நீரோட்டம் இழுத்துவரும் கட்டிகள் அவை. ஃபியார்டின் வாயில் சிமியுதாக் தீவு. அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போனால்தான் நார்சர்சுவாக். அருகருகே ஒன்றுபோலவே தோன்றும் பல ஃபியார்டுகள் இருக்கின்றன. தவறானதற்குள் மேகத்தின் கீழே நுழைந்தால், முடிவில் சுவர்போல் மலை நிற்கும், திரும்ப அகலம் இருக்காது. இன்று வானம் திறந்திருந்ததால் மேலிருந்தே துனுல்லியார்ஃபிக் ஃபியார்டின் முழு நீளத்தையும் கண்டு உறுதிசெய்துகொண்டு இறங்கினோம். 1941இல் அமெரிக்கப் படை போட்ட 1,830 மீட்டர் ஓடுபாதை, நீர் விளிம்பில் தொடங்கிப் பனியாறு இருக்கும் பக்கமாக மேடேறுகிறது. 4 மணி 40 நிமிடம். டாங்குகளில் இன்னும் 315 லிட்டர் இருந்தது.

ஆறாம் நாள், நார்சர்சுவாக்

காற்று. இரவில் தொடங்கியது, பகல் முழுவதும் ஓயவில்லை. கிழக்கே உள்ள பனிமேட்டிலிருந்து பள்ளத்தாக்கு வழியே இறங்கும் காற்று, ஒவ்வொரு நூறு மீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ ஒரு பாகை சூடாகிக்கொண்டே வருகிறது. ஃபோன் (foehn) காற்று என்று இதற்குப் பெயர். பனியிலிருந்து வரும் காற்று முகத்தில் வெதுவெதுப்பாக அறைவது விசித்திரமான உணர்வு. வீச்சுகள் ஐம்பது நாட்டைத் தொட்டன. விமானத்தை மூன்று இடங்களில் கட்டிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்க் கயிறுகளைப் பார்த்தோம்.

எண்ணெய் அளவைப் பார்த்தேன். பெட்ரோலைப் பற்றி எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள், ஆனால் நீண்ட பயணத்தில் எஞ்சின் எண்ணெயும் ஓர் எல்லைதான். அது மெல்ல எரிந்து குறைந்துகொண்டே இருக்கும். காற்றில் இருக்கும்போது ஊற்றச் சாதாரண விமானத்தில் வழி இல்லை. 1935 மே மாதம் டாஸ்மன் கடலின் மேலே சதர்ன் கிராஸ் விமானத்தில் ஒரு பக்க எஞ்சின் நின்று, மறு பக்க எஞ்சினில் எண்ணெய் தீர்ந்துகொண்டிருந்தபோது, பி.ஜி. டெய்லர் விமானத்துக்கு வெளியே ஏறி, இணைப்புக் கம்பியில் கால் பதித்து நடந்து, நின்றுபோன எஞ்சினிலிருந்து ஒரு தெர்மாஸ் குடுவையில் எண்ணெய் பிடித்து, மறு பக்கத்துக்குக் கொண்டுபோய் ஊற்றினார். ஒருமுறை அல்ல, பலமுறை. இயக்கியவர் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித். நான் எங்கள் எஞ்சினின் அளவுகோலைத் துடைத்து மீண்டும் விட்டுப் பார்த்தேன். அரை லிட்டர் குறைந்திருந்தது. ஊற்றினேன்.

ஏழாம் நாள், நார்சர்சுவாக்கிலிருந்து ரெய்க்யவிக்

காற்று விடிவதற்குள் அடங்கியது. ஃபியார்டுக்கு மேலேயே வட்டமடித்து உயரம் சேர்த்த பிறகே கிழக்கே திரும்பினோம், ஏனென்றால் ஓடுபாதைக்கு அப்பால் நிலம் எங்கள் விமானத்தைவிட வேகமாக ஏறுகிறது. பனிமேடு தென் பகுதியிலேயே 2,800 மீட்டருக்கு மேல் உயர்கிறது. 13,000 அடியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அதன் தென்சரிவைக் கடந்தோம்.

கடலைவிட இந்த வெள்ளை என்னை அதிகம் அச்சுறுத்தியது. மெல்லிய உயர்மேகம் சூரியனை மறைத்த சில நிமிடங்களில் பனிக்கும் வானுக்கும் நடுவிலிருந்த கோடு அழிந்துவிட்டது. தரை ஆயிரம் அடி கீழேயா பத்தாயிரம் அடி கீழேயா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. கருவிகளிலிருந்து பார்வையை எடுக்க வேண்டாம் என்று கேப்டன் மெதுவாகச் சொன்னார். 1942 ஜூலை 15 அன்று, ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஆறு பி-38 போர் விமானங்களும் இரண்டு பி-17 குண்டுவீச்சு விமானங்களும் வானிலை கெட்டுத் திரும்பி, எரிபொருள் தீர்ந்து, இந்தப் பனிமேட்டின் மேல் இறங்கின. ஆட்கள் அனைவரும் மீட்கப்பட்டார்கள். விமானங்களை ஆண்டுதோறும் பெய்த பனி மூடியது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1992இல், ஒரு பி-38ஐ மேலே கொண்டுவந்தபோது அது 82 மீட்டர் ஆழத்தில் கிடந்தது.

கிழக்குக் கரை கருங்கல் முட்களாக முடிந்து, ஐஸ்லாந்து வரை நீளும் கடல் தொடங்கியது. ஐஸ்லாந்தை நெருங்கும்போது மேகத்துக்குள் இறங்க வேண்டியிருந்தது. எங்கள் விமானத்தில் இறக்கையின் பனிக்கட்டியை நீக்கும் கருவி இல்லை. கேப்டன் புறப்படும் முன்பே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: மேகத்தின் தடிமன் சிறிதாக இருக்க வேண்டும், அதற்குக் கீழே கடலுக்கு மேல் குறைந்தது மூவாயிரம் அடிக்காவது உறைநிலைக்கு மேலான காற்று இருக்க வேண்டும். இன்று மேகமுகடு 8,000 அடி, உறைநிலை 5,000 அடி. நடுவே இருந்த மூவாயிரம் அடியில், இறக்கையைத் தாங்கும் கம்பியின் முன்விளிம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளை படிந்தது; வேகம் எட்டு நாட் குறைந்தது. 5,000 அடியைத் தாண்டியதும் அது துண்டு துண்டாகப் பெயர்ந்து பின்னால் பறந்தது. ஆறு நிமிடம் இருக்கும். சரியாக ஐந்து மணி நேரத்தில், பிரிட்டிஷ் படை 1940இல் கட்டத் தொடங்கிய, நகரின் வீட்டுக் கூரைகளை ஒட்டி இருக்கும் ரெய்க்யவிக் ஓடுபாதையில் இறங்கினோம்.

எட்டாம் நாள், ரெய்க்யவிக்கிலிருந்து விக்

கடைசித் தாவல் இரக்கமுள்ளது. நேர்ப்பாதையிலிருந்து முப்பது கடல் மைல் கூடுதலாக வளைந்தால், ஃபேரோ தீவுகளின் வாகர் விமான நிலையம் வழியில் வந்துவிடுகிறது. திரும்பவும், முன்னே போகவும், நடுவில் இறங்கவும் வழி இருக்கும் நாள். ஃபெரி டாங்கில் நூறு லிட்டர் மட்டும் ஏற்றினோம்.

தென்கரையில் ஏயாஃப்யல்லயோகுல் எரிமலை மேகத்துக்குள் மறைந்திருந்தது. 2010 ஏப்ரலில் அது கக்கிய சாம்பல் ஐரோப்பாவின் வான்வழிகளைப் பல நாட்கள் மூடிவைத்தது. வாகர் இடப்பக்கம் கடந்தபோது தீவுகளின் மேலே மேகம் தொப்பிபோல் அமர்ந்திருந்தது. இறங்க நேர்ந்திருந்தால் எளிதாக இருந்திருக்காது. அதன் பிறகு ஸ்காட்லாந்தின் ரேடியோ தெளிவாகக் கேட்டது. காப்புடையை அதுவரை இடுப்புவரை மட்டுமே இறக்கிவைத்திருந்தோம். எஞ்சின் நின்றாலும் சறுக்கிப் போய் எட்டும் தூரத்துக்குக் கரை வரும்வரை கேப்டன் அதைக் கழற்ற விடவில்லை.

இன்று 4 மணி 35 நிமிடம். திரும்பிவந்த அந்த இரண்டு மணி நேரத்தையும் சேர்த்தால், மொத்தம் 16 மணி 15 நிமிடம் காற்றில் இருந்திருக்கிறோம். 1919 ஜூனில் ஆல்காக்கும் பிரவுனும் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்தின் கிளிஃப்டன் வரை, முதன்முறையாக எங்கும் நிற்காமல் இந்தக் கடலைக் கடக்க எடுத்துக்கொண்டதும் ஏறத்தாழ 16 மணி நேரம்தான். திறந்த இருக்கையில், இரவு முழுவதும், பெரும்பகுதி மேகத்துக்குள் பறந்து, பசும்புல் வெளி என்று நம்பிச் சதுப்பில் மூக்குக் குத்தி இறங்கினார்கள். அவர்களுக்குக் கூஸ் பே இல்லை, நார்சர்சுவாக் இல்லை, சில மணி நேரத்துக்குப் பிறகு திரும்பும் வழியும் இல்லை. வரைபடத்தில் அவர்கள் பாதையை எங்கள் பாதையின் பக்கத்தில் வரைந்து, நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விக்கில் மழை பெய்துகொண்டிருந்தது. எஞ்சின் நின்றபின் கேப்டன் இறங்கி, ஏணியில் ஏறி, இரண்டு இறக்கை டாங்குகளிலும் அளவுகோலை விட்டுப் பார்த்து எண்ணைச் சொன்னார். நான் எழுதினேன்: இடது 98, வலது 105, ஃபெரி டாங்கு காலி. பிறகு அவர் பின்கதவைத் திறந்து, உலோக உறைக்குள் இருந்த அந்தக் காற்றுக் குழாயை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, டாங்கைக் கழற்ற முதல் திருகாணியை என்னிடம் விட்டார்.